மூன்று கல்

சிலோயேத் தீவில் வீடுகளுக்குக் கால் உண்டு.
கரை அரித்தால், மகள் அக்கரையில் வாழ்க்கைப்பட்டால்,
அண்டை வீட்டோடு மனஸ்தாபம் முற்றினாலும்கூட
வீட்டைப் பெயர்த்துக் கடலில் இறக்கி
இழுத்துக்கொண்டு போய்விடுவோம்.
கூலி கிடையாது. முடிவில் சாப்பாடு.
மிங்கா என்று பெயர் அதற்கு.

தெல்மீரோவின் வீட்டை நகர்த்த
எதுவீனா நவெல்கீனை முன்னால் நிறுத்தினோம்.
குரல் பெரிதில்லை அவளுக்கு.
எருதைக் கண்டால் நாலடி ஒதுங்கிப் போவாள்.
சிப்பி ஆலையில் எடை போடுகிறவள்.
இருபது குளிர்காலமாய் ஒரே தராசு,
சொந்தத் தம்பியின் மூட்டைக்கும் அதே முள்.

ஒருமுறை என் மூட்டையில்
சிப்பிக்கு நடுவே ஈரக்கல் மூன்று இருந்தன.
எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும்.
அவள் கத்தவில்லை.
கல்லின் எடையைக் கழித்து எழுதினாள்.
கற்களைத் தாளில் சுற்றி
"இது உங்களுடையது" என்று கையில் கொடுத்தாள்.
அன்றிலிருந்து அவை என் படகின் அடியில்.
எறிய நினைத்தபோதெல்லாம்
கைக்கு வேறு வேலை வந்துவிட்டது.

முந்தின நாள் மாலை
எல்லோரையும் அக்கரைக்குக் கூட்டிப்போனாள்.
வெறும் புல்மேடு.
"சன்னல் எங்கே வரணும்?"
காற்றுக்கு முதுகு காட்டி, என்றான் தச்சன் உலீசெஸ்.
சாலையைப் பார்த்து, என்றார்கள் சிலர்.
தெல்மீரோ தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டி,
சமையலறையிலிருந்து கல்லறைமேடு தெரிந்தால் போதும் என்றார்.
அங்கேதான் அவர் மனைவி.
மழை பிடித்தது. வாய் தடித்தது.
யாரோ யாருடைய அப்பனையோ இழுத்தார்கள்.
அவள் தீர்ப்புச் சொல்லவில்லை.
இன்னும் இல்லாத அந்தச் சன்னலில்
ஒருவர் பாக்கியில்லாமல் நின்று பார்க்கச் சொன்னாள்.
நானும் நின்றேன். உலீசெஸின் நாயும் நின்றது.
எதிர்க்கரையில் சிலுவைகள்,
பால்பல் போலச் சின்னச் சின்னதாய்.
அதன்பிறகு யாரும் சாலையைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் ஏற்றத்தில் வீடு மிதந்தது,
திரைச்சீலையோடு, ஆணியில் தொங்கிய வாணலியோடு.
பதினொரு படகு, பதினொரு கயிறு.
நடுக்கடலில் வடமூலை தாழ்ந்தது.
வாசற்படியைத் தண்ணீர் நக்கியது.
எல்லோர் கண்ணும்
பீப்பாய் கட்டிய பையன் நெஃப்தாலியிடம் போனது.
அவன் முகத்தில் ரத்தமில்லை.

எதுவீனா தன் படகில் எழுந்து நின்றாள்.
"முப்பத்தெட்டு பீப்பாய் போதுமென்று சொன்னது நான்.
கணக்குத் தப்பு. தப்பு என்னுடையது.
மிதக்கிற பொருள் யாரிடம் என்ன இருக்கு?"
சிப்பிக்கு எடை சொல்லும் அதே குரல்.
கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.
மிதவை வந்தது, மீன்பெட்டி வந்தது, டீசல் கேன் வந்தது.
சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த ஆப்பிள் சாராயக் குடுவையும்
காலியாகி வந்தது. எப்படிக் காலியானது என்று கேட்காதீர்கள்.
நெஃப்தாலிதான் முதலில் தண்ணீரில் குதித்தான்.

அப்புறம் மூடுபனி.
அவள் குரலும் போயிற்று, அடுத்த படகும் போயிற்று.
எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
என் கயிறு தளரவில்லை.
பனிக்குள் மற்ற பத்தும் தளரவில்லை என்பது
உள்ளங்கையில் தெரிந்தது.
நேற்று நனைந்துகொண்டு நின்ற இடத்துக்கு
ஆளுக்காள் திரும்பிக்கொண்டிருந்தோம்.

எருதுகள் வீட்டை மேட்டில் ஏற்றியபோது
அடுப்பில் இறைச்சி தயார். பசி காதை அடைத்தது.
அவள் சன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்து
"ஒரு சாண் விலகியிருக்கு" என்றாள்.
முனகினோம். வைதோம். நுகத்தைத் திரும்பப் பூட்டினோம்.

வடமூலைக்கு அண்டை கொடுக்க
ஏதாவது வேண்டும் என்றான் உலீசெஸ்.
படகுக்குப் போய் எடுத்து வந்தேன்.
எதுவீனா கற்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு கச்சிதமாய் உட்கார்ந்தன.
மூன்றாவது பொருந்தவில்லை.
அது இன்னும் படகில்தான் இருக்கிறது.